ஒற்றைக் கல் சுவர்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எங்கள் இரண்டு உடம்பும் அதனதன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் அளவுக்கு இருக்கின்றன. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, இனிமேல் மாடிப்படி ஆகாது என்று டாக்டர் சொன்னாராம், எங்க வீட்டுக்கு மாடியே கிடையாதே என்று இவள் சொன்னாளாம், அப்ப பாதி வைத்தியம் முடிஞ்சுபோச்சு என்று அவர் சிரித்தாராம். குட்டிக்கு இருமல் என்றாய். ராத்திரி ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வை, அறை மூச்சு விடட்டும். நேற்றுதானே போனில் பேசினோம், இப்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரிகிறது. முகம் தெரிந்தால் நான் மறுபடியும் அதையேதான் சொல்வேன்.

மூன்று வருஷமாக உன்னிடம் ஒரு விஷயத்தை மாற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன். உன் தம்பி போன காலையைப் பற்றி. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நேராக அங்கே போக எனக்கு வரவில்லை, சுவர் வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொண்டு படி.

வருகிறேன் என்று போன மாதம் நீ சொன்னபோது அம்மா அடுப்பை அணைக்காமல் ஓடி வந்தாள். குட்டியோடு எங்கே படுப்பாய் என்ற பேச்சு வந்தது. பின்னறைதான், வேறு எது இருக்கிறது. நீ மெதுவாகக் கேட்டாய், அந்தச் செவத்துல அது இன்னும் இருக்காப்பா என்று. இருக்காதும்மா, நீ வர்றதுக்குள்ள இருக்காது என்றேன். போனை வைத்துவிட்டு நேராகப் பின்னறைக்குப் போய் நின்றேன். இருந்தது.

எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு வரிசை வருகிறது. அந்த நோயில் கடைசி நான்கு மாதம் உன் தம்பிக்குக் குரல் போய்விட்டது. அம்மா ஒரு சின்ன மணி வாங்கி வந்தாள். மணியடித்துக் கூப்பிட நான் என்ன மேனேஜரா என்று எழுதிக் காட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டான். கட்டிலை ஒட்டிய சுவரில் ஸ்பூனின் பின்பக்கத்தால் தட்டுவதாக அவனே முடிவு செய்தான். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் வலி. மூன்று என்றால் ஒன்றும் வேண்டாம், சும்மா வா. நான்கு என்றால் ஓடி வா. ஐந்து, அம்மா பாடுவதை நிறுத்தச் சொல். ஐந்துதான் அதிகம் கேட்டது. நான்கை அவன் ஒரு முறைகூடத் தட்டியதில்லை. தட்டித் தட்டி அந்த இடத்தில் முதலில் பெயின்ட் போனது, பிறகு பூச்சு போனது, கடைசியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் குழி. சுற்றிலும் முடி மாதிரி விரிசல்.

அந்தக் குழியை அடுத்த வருஷமே நான் அடைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. கடையில் ஒரு டப்பா பட்டிப் பசை வாங்கி வந்து, கரண்டியால் அப்பி, வழித்து, காய்ந்ததும் மிச்சமிருந்த பழைய பெயின்டை அதன்மேல் மட்டும் பூசினேன். முப்பது வருஷம் கட்டட வரைபடம் வரைந்த கை. கோடு கோணாது. ஆனால் சுவர் காகிதம் இல்லை. காலையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் நாலு மணிக்கு ஜன்னல் வெயில் சுவரோடு சுவராகச் சாய்ந்து வரும்போது அது எழுந்துகொள்ளும். உள்ளங்கை அளவு, ஒரு மயிரிழை மேடு, ஓரத்தில் மெல்லிய நிழல். கட்டுப் போட்ட இடம் மாதிரி. மழைக்காலத்தில் அதைச் சுற்றி வட்டமாக ஒரு விரிசல் விட்டது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். மறுபடி அப்பினேன். மறுபடி தேய்த்தேன். குழியாக இருந்தபோதே தேவலை என்று தோன்றியது. தினமும் நாலு மணிக்கு நான் அந்த அறையில் இருந்தேன் என்பதை அம்மா கவனித்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது.

நீ வருவதாகச் சொன்ன பிறகு ஆள் பார்த்தேன். வந்தவர் ஒரு கொத்தனார், நாற்பது வயதிருக்கும், பூச்சு வேலையும் பட்டி வேலையும் ஒரே ஆள். எந்த வேலையைக் காட்டினாலும் அரைநாள் வேலைங்க என்பாராம், அதனால் தெருவில் அவருக்குப் பெயரே அரைநாள். இதுவும் அரைநாள்தாங்க என்றுதான் ஆரம்பித்தார். என் ஒட்டு வேலையை உள்ளங்கையால் தடவினார். யாருங்க இது பண்ணது, நல்ல ஆளாப் பாத்துக் கூட்டியாந்திருக்கலாமே என்றார். நான்தான் என்றேன். சமாளிக்கவே இல்லை அந்த மனிதர். அதான் சார், பாசமாப் பண்ணியிருக்கீங்க, வேலையாப் பண்ணல என்றார். அம்மா சமையலறையிலிருந்து சிரித்தது கேட்டது. அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அது நடந்தது.

அவர் பூச்சுக் கரணையைத் திருப்பிப் பிடித்து அதன் கைப்பிடியால் சுவரைத் தட்ட ஆரம்பித்தார். பூச்சு எங்கே கல்லைப் பிடித்திருக்கிறது, எங்கே விட்டிருக்கிறது என்று பார்க்க அப்படித்தான் செய்வார்களாம். பிடித்திருக்கும் இடம் கெட்டியாகப் பேசும். விட்டிருக்கும் இடம் பொக்கென்று பேசும். மேலே தட்டினார், கெட்டி. கொஞ்சம் கீழே, கெட்டி. ஒட்டுப் போட்ட இடத்துக்கு வந்து மூன்று தட்டுத் தட்டினார். பொக். பொக். பொக். சமையலறையில் பாத்திரம் விழுந்தது. வந்துட்டேன் கண்ணா, வந்துட்டேன் என்று அம்மாவின் குரல். முழங்கால் வலியோடு அவள் ஓடி வந்து வாசற்படியில் நின்றாள், கையெல்லாம் மாவு. அரைநாள் கரணையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். நானும் ஓர் அடி எடுத்து வைத்திருந்தேன். எங்கே போக என்று தெரியவில்லை. அம்மா திரும்பிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவர் தட்டவில்லை. விரல் நகத்தால் சுரண்டுவது போல மெதுவாகச் சோதித்து, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனார். கோடு நிற்கவே இல்லை. என் உள்ளங்கை அளவு ஒட்டுக்குப் பின்னால் ஒரு முறம் அளவுக்குப் பூச்சு கல்லை விட்டு நின்றுகொண்டிருந்தது. விழாமல், சும்மா நின்றுகொண்டிருந்தது. இவ்வளவும் பொக்கு சார், நீங்க மேல மேல பூசினது காத்து மேல பூசினது என்றார். குளியலறை ஈரம் ஒரு பக்கம், தட்டினது ஒரு பக்கம் என்றார். பிறகு தயங்கி, சின்னப் புள்ளைங்க தட்டினதா என்று கேட்டார். இருபத்தாறு வயசு என்றேன். மேலே கேட்கவில்லை. உளி வைக்கும் முன்பு, அந்தப் பக்கம் கண்ணாடி கிண்ணாடி மாட்டியிருந்தா எடுத்துருங்க, ஒத்தக் கல் செவரு, இந்தப் பக்கம் கொட்டாவி விட்டா அந்தப் பக்கம் தூக்கம் வரும் என்றார். கண்ணாடியை எடுத்து மூன்று வருஷமாயிற்று என்றேன்.

வேலையைச் சொல்கிறேன், உனக்குப் பிடிக்கும், சின்ன வயதில் தெருவில் வீடு கட்டினால் நீ நகரமாட்டாய். பொக்கான பூச்சு முழுவதையும் கெட்டி ஓரம் வரைக்கும் வெட்டி எடுத்தார். ஓரத்தை உள்பக்கம் சாய்வாக வெட்டினார், அப்போதுதான் புதுப் பூச்சு பழையதற்குள் பல் பதித்துக்கொள்ளுமாம். செங்கல் தெரிந்தது. இந்த வீட்டுக்கு வந்து இருபத்தொன்பது வருஷம், அந்தக் கல்லை நான் பார்த்ததில்லை. ஒரு குழந்தையின் வாய்க்குள் பார்ப்பது போல இருந்தது. மறுநாள் தூசியைத் துலக்கித் தண்ணீர் தெளித்தார். நான் செய்யாத முதல் காரியம் இதுதான். காய்ந்த கல் புதுக் கலவையின் ஈரத்தையெல்லாம் குடித்துவிடும், குடித்தால் பிடிப்பு போய்விடும். முதல் பூச்சு, அதன் மேல் ஆணியால் குறுக்கும் நெடுக்கும் கீறல். அதற்கடுத்த நாள் இரண்டாவது. அதைச் சுவரோடு சமமாக நிறுத்தவில்லை, ஒரு நூல் தாழ்வாகவே நிறுத்தினார். ஏன் என்று கேட்டதற்கு, பட்டிக்கு இடம் வேணாமா சார் என்றார். பிறகு ஒரு வாரம் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அரைநாள் அன்றே மூன்று நாளாகியிருந்தது.

அந்த ஒரு வாரம்தான் எனக்குச் சரியில்லை. ஈரப் பூச்சு கறுப்பாக இருந்தது. ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டு உள்ளே வந்தது. தினம் கொஞ்சம். முறம் அளவு தட்டு அளவாயிற்று, தட்டு கிண்ணம் ஆயிற்று. ஆறாம் நாள் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஈரம் நின்றது. ஒரு ரூபாய்க் காசு அளவு. படுத்தவனுடைய கை எட்டும் உயரம். அந்த இடத்தில் பூச்சு ஆழம் அதிகம், அதனால் கடைசியில் காயும், அவ்வளவுதான் என்று அரைநாள் பிறகு சொன்னார். எனக்கு அது தெரியாது. நான் அதன் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஏழாம் நாள் அதுவும் போனது. போகும்போது பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், போய் வந்தேன், போயிருந்தது. நான் எழுந்து போயிருந்த நேரத்தில்.

பட்டி போட வந்தபோது அவர் வெட்டிய இடத்தோடு நிறுத்தவில்லை. கைநீள இரும்புத் தகட்டால் வழித்துக்கொண்டே போனார், அங்கிருந்து ஜன்னல் ஓரம் வரைக்கும். ஓரத்தை எங்கேயும் நிறுத்தாமல், கையை லேசாகத் தூக்கித் தூக்கி, எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடித்தார். பழைய சுவர் நன்றாகத்தானே இருக்கிறது, அதன்மேல் ஏன் என்று கேட்டேன். நீங்க ஓட்டைய மட்டும் பாத்தீங்க சார், அதான் அது உங்களையே பாத்துக்கிட்டிருந்துச்சு என்றார். அறையை இருட்டாக்கி டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தார். சாயங்கால வெயில் செய்வதை டார்ச் செய்தது. சின்னச் சின்ன அலைகள் தெரிந்தன, அவற்றைப் பென்சிலால் வட்டமிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி மெல்லிசாக ஒரு பட்டி. மூன்றாவது தடவை டார்ச்சில் ஒன்றுமே இல்லை. பிறகு பிரைமர், பிறகு மூலைக்கு மூலை முழுச் சுவருக்கும் பெயின்ட். நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடம் காட்டிக்கொடுக்குமாம். போகும்போது, எங்க இருந்துச்சுன்னு இப்பக் காட்டுங்க பாப்போம் என்று சவால் விட்டார். காட்ட முடியவில்லை. ஐந்து நாள் வந்துவிட்டு, பாத்தீங்களா, அரைநாள்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று நாலு மணிக்குப் போனேன். வெயில் சாய்ந்து வந்தது. ஒன்றும் எழவில்லை. தடவினேன். ஒன்றும் இல்லை. ஜன்னலிலிருந்து எத்தனை சாண், தரையிலிருந்து எத்தனை சாண் என்று அளந்து பார்த்தேன், நான் ஒருநாளும் அளந்து வைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உலகத்தையே அளந்து வரைந்தவன். இதுதான் நான் கேட்டது. இதற்குத்தான் ஆள் வைத்தது. ஆனாலும் விரலை மடக்கித் தட்டினேன். கெட்டி. இன்னும் கொஞ்சம் தள்ளி. கெட்டி. எங்கே தட்டினாலும் ஒரே பேச்சு. எத்தனை தட்டினேன் என்று தெரியாது. திரும்பினால் அம்மா நிற்கிறாள். இந்தத் தடவை அவள் ஓடி வரவில்லை, நடந்து வந்திருக்கிறாள். கட்டிலில் உட்கார்ந்தாள். என்னங்க, போதும் என்றாள். பிறகு சொன்னாள், தலையணை உறைய நான்தானே துவைச்சேன், அதுல சோப்பு நுரை காஞ்சு போயிருந்துச்சு.

இனிமேல் சுவர் இல்லை. சொல்லிவிடுகிறேன்.

அன்று காலை அம்மா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். நான் குளியலறையில், சுவருக்கு அந்தப் பக்கம், கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தேன். ஒரு கன்னம் முடிந்திருந்தது. மறு கன்னத்தில் நுரை. அவன் தட்டினான். ஒவ்வொரு தட்டுக்கும் ஆணியில் கண்ணாடி லேசாக ஆடும், என் முகம் ஆடும். மூன்று முறை ஆடியது. மூன்று. சும்மா வா. இதோ வரேன்டா என்று குரல் கொடுத்தேன். தண்ணீர் இல்லை, வலி இல்லை, சும்மாதானே. மறு கன்னத்துக்குக் கத்தியை எடுத்தேன். மெதுவாகத்தான் செய்தேன், அவசரம் இல்லை என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த அமைதி எனக்குக் கேட்டது. நுரையோடு போனேன். ஸ்பூன் தரையில் கிடந்தது. தலையணையோடு அவனைத் தூக்கி மடியில் போட்டு முகத்தோடு முகம் வைத்தேன், கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது பிடித்ததுதான். அம்மா வரும்போது நான் பிடித்திருந்ததைப் பார்த்தாள். இரண்டு நாள் கழித்து விமான நிலையத்தில் நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, யாராவது பக்கத்துல இருந்தீங்களாப்பா என்று கேட்டாய். நான் இருந்தேன், என் கையப் புடிச்சுக்கிட்டேதான் போனான் என்றேன். உன் பிடி தளர்ந்தது. அதைப் பார்த்த பிறகு என்னால் மாற்ற முடியவில்லை. நீ அதை மாப்பிள்ளையிடம் சொன்னாய், உன் தோழிகளிடம் சொன்னாய். ஒவ்வொரு தடவையும் அது இன்னும் கொஞ்சம் உண்மையாயிற்று. காற்றின் மேல் பூசியது.

ஒரு கன்னம் மழித்து ஒரு கன்னம் பாதியில் நிற்க அன்று முழுவதும் வந்தவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. துக்க வீட்டில் அப்பன் கன்னத்தை யாரும் பார்ப்பதில்லை. தாடி உங்களுக்கு நல்லா இருக்குப்பா, எழுத்தாளர் மாதிரி இருக்கீங்க என்று போனில் கேலி செய்வாயே. அது வைத்த தாடி இல்லை. பிறகு நான் கத்தியை எடுக்கவே இல்லை.

இதெல்லாம்கூட ஒருவிதமாகத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது ஒன்று இருக்கிறது. அது மூன்றுதானா? நான்கில் மூன்றா? நான்காவது தட்டுக்குக் கை எழவில்லையா? இத்தனை நாளாக நாலு மணிக்கு நான் அந்தச் சுவரைக் கேட்டது அதைத்தான். அம்மாவிடம் கேட்டேன். அவள் தெரியாது என்றாள். மூன்றுதான் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. திருப்பி அவள் ஒன்று கேட்டாள். நீங்க கொரல் குடுத்தீங்களா? கொடுத்தேன், இதோ வரேன்டா என்றேன். சத்தமாவா? சத்தமாகத்தான். அவள் சுவரைப் பார்த்தாள். ஒத்தக் கல் செவரு, கேட்டிருக்கும் என்றாள். பிறகு, இத அவகிட்டச் சொல்லாம இந்தச் செவத்துப் பக்கம் அவளப் படுக்க வைக்காதீங்க என்று எழுந்து போனாள். அவளுக்கு மூன்று வருஷமாகத் தெரியும். எனக்குச் சொல்ல வராது என்பதும் தெரியும். காத்திருந்திருக்கிறாள்.

ஆக, உன் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு போகவில்லை. தனியாகப் போனான். போகும்போது என் குரல் அவனுக்குக் கேட்டிருக்கலாம். இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது, இதற்கு மேல் நான் எதுவும் பூசவில்லை. கோபம் வந்தால் வரட்டும். டிக்கெட்டை மாற்ற வேண்டும் என்று தோன்றினால் மாற்று. போனில் என்னிடம் பேச முடியாவிட்டால் அம்மாவிடம் பேசு, நான் பக்கத்து அறைக்குப் போய்விடுவேன், ஒட்டுக் கேட்கமாட்டேன். ஆனால் முடிந்தால் வா.

குட்டிக்குக் கம்பளிச் சட்டை இரண்டு எடுத்து வை, இங்கே காலையில் குளிர்கிறது. அவளுடைய தூக்க பொம்மையை மறக்காதே, போன தடவை நீ மறந்து வைத்துவிட்டு மாப்பிள்ளையைத் திட்டினாய், பாவம். உன் பாஸ்போர்ட் தேதியை ஒரு தடவை பார். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி அண்டாமல் நிறைவாக வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் தினமும் நினைத்துக்கொள்கிறோம், அதை எங்கள் ஆசீர்வாதமாக எடுத்துக்கொள். குட்டியின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம்.

நினைவில் வைத்துக்கொள்ள ஒன்று. பின்னறையில் சுவர் இப்போது வெறும் சுவர், தேடினாலும் கிடைக்காது, கட்டிலை அதே இடத்தில் போட்டிருக்கிறேன். நீ வந்து படுத்துத் தூக்கம் வராவிட்டால் எங்கே வேண்டுமானாலும் தட்டு. மூன்று போதும். முகத்தில் எது இருந்தாலும் அப்படியே வருவேன்.

இப்படிக்கு,
சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும்
அப்பா